சான்றிதழில் நான்கு, பலகையில் பதினொன்று: மசாஜ் தொழிலுக்கு இன்சூரன்ஸ் எப்படிப் பொருந்த வேண்டும்?

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை விட்டுத் திரும்பும் ஒரு சந்தில், மாடிப்படி ஏறிப் போனால் பெண்களுக்கான சின்ன மசாஜ் நிலையம் ஒன்று இருக்கிறது. இரண்டு கட்டில், ஒரு ஏசி, வாசலில் செருப்பு வைக்க ஒரு தட்டு. மாதம் ஒருமுறை அங்கே கணக்கு எழுதப் போவேன். போன முறை உரிமையாளர் அக்கா ஒரு வாடிக்கையாளருக்கு முதுகு நீவிக்கொண்டிருந்ததால் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. சுவரில் இருப்பதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இடது சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பயிற்சிச் சான்றிதழ். பக்கத்திலேயே மதிப்பெண் தாள். எண்ணெய் மசாஜ், தலை மசாஜ், பாத மசாஜ், உடல் ஸ்கிரப் என்று நான்கு பாடம். வலது சுவரில் விலைப்பலகை. அதில் இந்த நான்கோடு சூடான கல் மசாஜ், மூலிகைக் கிழி, கர்ப்பிணிகளுக்கான மசாஜ், பிரசவத்துக்குப் பிந்தைய மசாஜ், முதுகுவலி தெரபி, வர்மம், கழுத்து அட்ஜஸ்ட்மென்ட் என்று மொத்தம் பதினொன்று.

வெளியே வந்தவரிடம், “இன்சூரன்ஸ் ஏதாவது இருக்காக்கா?” என்று கேட்டேன். “இருக்கு தம்பி, ரெண்டு வச்சிருக்கேன்” என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒன்று கடைக்கான தீ, திருட்டு பாலிசி. இன்னொன்று பாங்க் பாஸ்புக்கில் வருஷா வருஷம் 20 ரூபாய் பிடித்த வரி. பலகையில் இருக்கும் பதினொன்றில் ஒன்றுக்குக்கூட இந்த இரண்டும் உதவாது என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. இன்சூரன்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சரக்கு இருக்கிறது.

அந்த 20 ரூபாய் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயது வரை பாங்க் கணக்கு உள்ள யாரும் சேரலாம். ஜூன் முதல் மே வரை ஓராண்டுக் காப்பு. விபத்தில் இறந்தாலோ, இரண்டு கையோ இரண்டு கண்ணோ முழுதாகப் போனாலோ 2 லட்சம். ஒரு கை, ஒரு கால், ஒரு கண் போனால் 1 லட்சம். அந்தப் பணம் அக்காவுக்கோ அவர் குடும்பத்துக்கோ வரும். கட்டிலில் படுத்திருந்த வாடிக்கையாளருக்கு ஏதாவது ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் அக்காவுக்கே இது பாதிதான் உதவும். நாள் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தி வேலை செய்பவர்களுக்கு வருவது விபத்து இல்லை, தேய்மானம். கட்டைவிரல் அடியில் நரம்பு வீங்கி, மணிக்கட்டு மரத்துப்போய், காப்பி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போகும். கை முழுதாகப் போகாதவரை அந்தப் பாலிசி அசையாது. பத்துப் பேராவது வேலை செய்யும் பெரிய ஸ்பாவாக இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், இ.எஸ்.ஐ. அட்டையோடு அயனாவரம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இரண்டு கட்டில் போட்டவருக்கு அதுவும் கிடையாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது, காசும் கேட்க மாட்டார்கள். ஆனால் வேலைக்குப் போகாத நாளின் கூலியை யார் தருவார்கள்?

சரி, வாடிக்கையாளர் பக்கம் வருவோம். இங்கே இரண்டு காப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தரையில் சிந்திய எண்ணெயில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது. இது இடத்தின் குறை; அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பு, ஏஜென்ட்கள் சொல்வது பப்ளிக் லயபிலிட்டி. கடைக்கான தொகுப்புப் பாலிசியோடு கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி இதைச் சேர்த்துக்கொள்ளலாம். அதே வாடிக்கையாளர் கட்டிலில் படுத்திருக்கும்போது சூடான கல் பட்டுத் தோல் வெந்துபோகிறது. இது கையின் குறை, தொழிலின் குறை. இதற்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பு, அதாவது புரொஃபஷனல் இண்டெம்னிட்டி. முதலாவது பாலிசியை எடுத்துக்கொண்டு இரண்டாவது கிளெய்முக்குப் போனால் கையை விரித்துவிடுவார்கள். (1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைக் காட்டி, ‘இது கட்டாயம், எடுத்தே ஆகணும்’ என்று சில ஏஜென்ட்கள் கடைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சட்டம் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. மணலி பக்கம் இருக்கும் ஆலைகளுக்குப் பொருந்தும், நல்லெண்ணெய்க்குப் பொருந்தாது.)

இந்த இரண்டாவது காப்புதான் பயிற்சியோடு பின்னிக்கிடக்கிறது. தீ பாலிசி கொடுக்கிறவர் நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டார். தொழில் பொறுப்புப் பாலிசி கொடுக்கிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். அவர் காப்பது உங்கள் தொழில் தவறை. எது தவறு என்று முடிவு செய்ய, எதைச் சரியாகச் செய்ய உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் இல்லையா?

நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில், காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தொழில் அலட்சியத்துக்கு இரண்டு கதவு காட்டியது. தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட திறமை உண்மையில் இல்லாமலிருப்பது ஒன்று. இருந்த திறமையை நியாயமான கவனத்தோடு பயன்படுத்தாமல் விடுவது இன்னொன்று. மருத்துவரை வைத்துச் சொன்னது என்றாலும், தொழில்திறமையை நம்பிக் காசு கொடுக்கும் எந்தச் சேவைக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். பாலிசி இரண்டாவது கதவுக்குத்தான் காவல் நிற்கும். படித்தவர் ஒருநாள் கவனம் பிசகினார் என்றால் பணம் தரும். படிக்காததைச் செய்தார் என்றால் அது முதல் கதவு. அங்கே காவலுக்கு யாரும் இல்லை.

இதைவிட நேரடியான தீர்ப்பு 1996இல் வந்தது. ஹோமியோபதி படித்த ஒருவர் நோயாளிக்கு அலோபதி மருந்து கொடுத்திருந்தார், நோயாளி இறந்துவிட்டார். படிக்காத முறையில் வைத்தியம் பார்த்ததே அலட்சியம், தனியாக வேறு அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். அவர் படிக்காதவர் இல்லை, பட்டம் வாங்கியவர்தான். வாங்கிய பட்டத்தின் எல்லையைத் தாண்டினார், அவ்வளவுதான். எண்ணெய் மசாஜ் சான்றிதழை வைத்துக்கொண்டு கழுத்தைத் திருப்புகிறவர் நிற்பதும் அதே எல்லைக்கு வெளியேதான்.

அந்த எல்லைகள் என்னென்ன? நம் ஊரில் உடலைத் தொட்டு வேலை செய்யும் படிப்புகள் ஒரே உயரத்தில் இல்லை. திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் கீழ் அழகு, ஆரோக்கியத் துறைக்கான திறன் கவுன்சில் தரும் ஸ்பா தெரபிஸ்ட் சான்றிதழ் சில நூறு மணி நேரப் பயிற்சி. பிசியோதெரபி நான்கு வருஷத்துக்கும் மேலான பட்டம். 2021இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் அதற்குத் தனி இடம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் இருக்கும் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் படிப்பது ஐந்தரை வருஷம். சித்த மருத்துவமும் அதே ஐந்தரை வருஷம். தொக்கணம் என்ற நீவும் சிகிச்சை அதில் ஒரு பாடம், வர்மம் இன்னொரு பாடம். வர்மப் புள்ளிகள் 108 என்றும், அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் கணக்கு. பலகையில் ‘வர்மம்’ என்று நாலெழுத்து கூடுதலாகச் சாக்பீஸில் எழுத அரை நிமிஷம் போதும். அதற்குப் பின்னால் நிற்கும் படிப்பு அவ்வளவு நீளம்.

இந்தப் பட்டியலில் எங்கேயும் சேராதவர்கள் வட சென்னையில் நிறைய. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால் சுளுக்கு எடுத்துவிடும் பெரியவர். வியாசர்பாடி மைதானத்தில் பிள்ளைகளின் கணுக்கால் பிசகினால் உருவிவிடும் பழைய ஆட்டக்காரர். ஆசானிடம் பத்து வருஷம் கைவேலை கற்றவர். வீட்டுக்கு வந்து பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிடும் ஆயா. இவர்களில் பலரின் கை, புதிதாகச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளின் கையைவிட நூறு மடங்கு நம்பகமானது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அதை எடைபோட அவர்களிடம் தராசு இல்லை. காகிதம் ஒன்றுதான் அவர்களுக்குத் தராசு. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. இப்படித்தான் இயங்குகிறது.

ஆனாலும் அந்தக் காகிதத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. நல்ல பயிற்சி எப்படித் தேய்ப்பது என்பதைவிட எப்போது தொடக்கூடாது என்பதையே அதிகம் சொல்லிக்கொடுக்கும். லாரியில் இரண்டு நாள் உட்கார்ந்தே வந்த ஓட்டுநர் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு வருகிறார். ‘நீவிவிடும்மா’ என்கிறார். உள்ளே ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி இருக்கலாம். நீவினால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். படித்தவர் கையை எடுத்துவிட்டு ஸ்டான்லிக்கு அனுப்புவார். பல வருஷம் சர்க்கரை இருப்பவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கிழியின் சூடு அவருக்கு உறைக்காது, ‘சூடு போதுமா’ என்று கேட்டு அவர் பதிலை நம்பினால் தோல் வெந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரை அழுத்திப் பிடித்தால் உள்ளே ரத்தம் கட்டும்.

கழுத்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முடி வெட்டி முடித்ததும் தலையில் நாலு தட்டு, அப்புறம் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. ‘மளுக்’ என்று சத்தம் வந்தால்தான் கொடுத்த காசுக்குத் திருப்தி. கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் போகும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். திருப்பக்கூட வேண்டாம், கழுத்தைப் பின்னால் சாய்ப்பதே சிலருக்குப் போதும். தலை அலசும் தொட்டியில் கழுத்தைச் சாய்த்த பிறகு பக்கவாத அறிகுறிகள் வந்த 5 பேரைப் பற்றி மைக்கேல் வெய்ன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1993இல் எழுதி, அதற்குப் பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக் என்றே பெயர் வைத்தார். இது அபூர்வம்தான். ஆனால் நடந்தால் நஷ்டஈடு ஆயிரக்கணக்கில் நிற்காது. அக்காவின் பலகையில் நான் முதலில் அழிக்கச் சொன்னது அந்தப் பதினோராவது வரியை.

இனி பாலிசி வாங்கும் இடம். மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், ஆடிட்டர் ஆகியோருக்கு இங்கே அச்சடித்த பாலிசிகள் உண்டு. மசாஜ் செய்பவர் அந்த வரிசையில் இல்லை. கேட்டுத்தான் எழுதி வாங்க வேண்டும். கேட்கும்போது படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஏஜென்ட் அவசரத்தில் ‘பியூட்டி பார்லர்’ என்று நிரப்புவார். பிரீமியம் குறையும், வேலை சீக்கிரம் முடியும். நாளைக்குக் கிழி பட்டுத் தோல் வெந்தால், பார்லருக்குக் கொடுத்த காப்பு இதற்கு இல்லை என்று கடிதம் வரும். இன்னொரு பக்கம், மரியாதையாக இருக்கட்டும் என்று ‘பிசியோதெரபி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். இல்லாத படிப்பை எழுதியதாகிவிடும். இன்சூரன்ஸ் ஒப்பந்தம் முழு நல்லெண்ணத்தின் மேல் நிற்பது. முக்கியமான உண்மையை மறைத்தாலோ மாற்றிச் சொன்னாலோ கம்பெனி ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அப்போது ஒழுங்காகப் படித்த எண்ணெய் மசாஜுக்கான காப்பும் சேர்ந்து போய்விடும்.

நான் சொல்லும் வழி எளிது. விலைப்பலகையைத் தாளில் இறக்குங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதைச் சொல்லிக்கொடுத்த சான்றிதழின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். எதிரே எழுத எதுவும் இல்லாத வரிகள் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் ஒரு பட்டியலாக்கி, மதிப்பெண் தாள் நகலோடு படிவத்துக்குப் பின்னால் இணைத்து, ‘இந்தச் சேவைகள் அனைத்தும் காப்பில் அடங்குமா’ என்று எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் போடும் கட்டைவிரல் பதில் ஆகாது. வீட்டுக்குப் போய்ச் செய்யும் வேலை, உதவிக்கு வரும் பெண், பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளை ஆகிய மூன்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பாலிசியில் கடை முகவரி மட்டும் இருந்தால், கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக் கட்டிலில் நடந்தது அதற்கு வெளியே போய்விடலாம்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நிலைமைதான் மிகவும் தொங்கலில் இருக்கிறது. வகுப்பில் ஒருவர் மேல் ஒருவர் செய்து பழகுவார்கள், பிறகு ஏதோ ஒரு ஸ்பாவில் வேலைப் பயிற்சி. அங்கே வாடிக்கையாளர் முழுக் காசு கொடுத்துப் படுத்திருப்பார், தேய்ப்பது மாணவி. ஏதாவது ஆனால் பயிற்சி நிலையம் ஸ்பாவைக் காட்டும், ஸ்பா பயிற்சி நிலையத்தைக் காட்டும். அமெரிக்காவில் மசாஜ் தொழிலாளர் சங்கங்கள் மாணவர் உறுப்பினராகச் சேரும்போதே பொறுப்புக் காப்பையும் சேர்த்துத் தருகின்றன. பிரிட்டனில் எந்தெந்தச் சிகிச்சைக்குச் சான்றிதழ் இருக்கிறதோ அவற்றுக்குத்தான் காப்பு என்று பாலிசியிலேயே எழுதிவிடுகிறார்கள். இங்கே அந்தப் பழக்கம் வரவில்லை. சேரும்போதே, மேற்பார்வையாளர் அறையில் இருப்பாரா, ஸ்பாவின் பாலிசியில் பயிற்சி பெறுபவர் என்ற சொல் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாலிசி கையில் வந்ததும் படிக்க வேண்டிய வரிகள் சில. காப்புத் தொகை இரண்டாகப் பிரிந்திருக்கும்: ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு, வருஷம் முழுதுக்கும் இவ்வளவு. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் சில ஆயிரம் உங்கள் கையிலிருந்து போகும். குற்ற வழக்கு, அபராதம், போதையில் செய்த வேலை, இவை விலக்கு. பிரீமியத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 2025 செப்டம்பரில் வரி நீங்கியது தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்குத்தான்.

இவற்றைவிட முக்கியமானது தேதி. இந்தப் பாலிசிகள் பெரும்பாலும், சம்பவம் நடந்த வருஷத்தைப் பார்க்காமல் புகார் வந்த வருஷத்தைப் பார்க்கும் வகை. புகார் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். சம்பவமும் பாலிசியில் குறித்த பின்தேதிக்கு, அதாவது எந்த நாளிலிருந்து செய்த வேலைக்குக் காப்பு என்று எழுதியிருக்கும் தேதிக்கு, பிறகு நடந்திருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருஷம் அவகாசம் இருக்கிறது. ஆக, கல்யாணமாகி மாதவரத்துக்குப் போய்விட்டேன், கடையை மூடிவிட்டேன் என்று பாலிசியை விட்டுவிட்டால், மூடுவதற்கு முந்தின மாதம் செய்த வேலைக்கு அடுத்த வருஷம் நோட்டீஸ் வரும்போது காப்பு இருக்காது. கடை மாறினாலும் கம்பெனி மாறினாலும் பின்தேதியை அப்படியே கொண்டுபோகச் சொல்லிக் கேட்க வேண்டும். புதிதாக ஒரு பயிற்சி முடித்தால், சான்றிதழை அனுப்பிப் பாலிசியில் அந்தச் சேவையைச் சேர்த்து எழுதிய தாள் வந்த பிறகுதான் பலகையில் ஏற வேண்டும். சான்றிதழுக்கும் அந்தத் தாளுக்கும் இடையில் இருக்கும் இரண்டு வாரம்தான் ‘திறப்பு விழாச் சலுகை’ போடும் வாரமாக இருக்கிறது என்பது வேறு கதை.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் வரும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம், அறுவைச் சிகிச்சை, சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைக் கேட்டு ஒரு அட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நோட்டுப் புத்தகம் போதும். கேட்டோம், பார்த்தோம், அதன்படி செய்தோம் என்பதற்கு அந்த ஒரு பக்கம்தான் சாட்சி.

சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணம் வாங்கிய சேவைக்குப் புகார் கொடுக்க வாடிக்கையாளருக்குச் செலவே இல்லை. எந்த மசாஜ் கட்டணமும் அதற்குள்தான். அதனால் வக்கீல் நோட்டீஸ் வருமா என்று யோசித்துக்கொண்டிருக்காமல், யாராவது அடிபட்டதாகச் சொன்ன அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், ஆறுதல் சொல்லுங்கள். ஆனால் கம்பெனியைக் கேட்காமல், ‘தப்பு என்னுதுதான், இவ்வளவு தந்துவிடுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதையே காரணம் காட்டி மறுக்க இடமுண்டு.

மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஒப்பாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தனி உரிமையாளர் பெயரில் இருக்கும் சின்னக் கடைகளின் பாலிசியும் அவர் வரம்புக்குள் வரும். 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்கக்கூடாது. படிவத்தையும், பாலிசியையும், மறுத்த கடிதத்தையும், சேவைப் பட்டியலோடு நீங்கள் அனுப்பிய அந்தப் பழைய கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு நீங்களே போக வேண்டும்.